எஞ்சின் ஏறாத சேஸிஸில் ஸ்பிரிங் ஏன் அமரவில்லை?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். 1947ஆம் ஆண்டு ஃபோர்டு கூபே ஒன்றை வாங்கி, வீட்டுக் கராஜில் மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டி வருகிறேன். பழைய முன் ஆக்சிலையும் அதன் பட்டை ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ‘மஸ்டாங் டூ’ வகை முன் சஸ்பென்ஷன் கிட் ஒன்றைச் சேஸிஸில் வெல்டிங் செய்தாகிவிட்டது. இப்போது ஸ்பிரிங் பொருத்தும் இடத்தில் வேலை நிற்கிறது. சக்கரத்தின் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டை மாட்டி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மை முழுவதும் தொங்கவிட்டால், ஸ்பிரிங் உட்கார வேண்டிய இடைவெளி 11 1/2 அங்குலம்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கின் நீளமோ 13 1/2 அங்குலம். பால் ஜாயிண்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை உள்ளே வைத்து, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதிலாகச் சேஸிஸே ஸ்டாண்டை விட்டு எழும்புகிறது. கார் வேலை தெரிந்த பக்கத்து வீட்டு நண்பர், ஒரு சுற்றை கேஸ் கட்டரால் வெட்டிவிடச் சொல்கிறார். கோவையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தியவர். நடுவில் மரை போட்ட கம்பியைக் கொடுத்து இறுக்கிவிடலாம் என்கிறார். ஸ்பிரிங்கின் விறைப்பு அங்குலத்துக்கு 375 பவுண்டு, அதாவது ஓர் அங்குலம் அமுக்க அவ்வளவு விசை வேண்டும். எஞ்சின் ஃபோர்டு 302 வி-8, கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக். முடிந்த காரின் எடை 3,000 பவுண்டு இருக்கும் என்பது என் கணக்கு. கடைக்காரர் தவறான ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டாரா? இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். நீளம், இடைவெளி, விறைப்பு, எடை என்று தேவையான அளவுகள் எல்லாவற்றையும் எழுதியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ‘ஸ்பிரிங் ஏறவில்லை, என்ன செய்வது’ என்று ஒரே வரியில் வரும் கடிதங்களே அதிகம். அவற்றுக்கு ஊகத்தால்தான் பதில் எழுத முடியும். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே பதிலையும் கண்டுபிடித்துவிடலாம். முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரிங் சரியானதாகவே தெரிகிறது, உங்கள் மாமனார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த வேலையை இப்போது செய்ய வேண்டியதே இல்லை. சேஸிஸில் கடைசியாக ஏற வேண்டிய பொருள்களில் ஒன்றை நீங்கள் முதலிலேயே ஏற்றப் பார்க்கிறீர்கள்.

சேஸிஸ் ஏன் எழும்பியது என்பதிலிருந்து தொடங்கலாம். லோயர் ஆர்மின் உள்முனை, சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் பூட்டியிருக்கிறது. வெளிமுனையில் பால் ஜாயிண்ட் இருக்கிறது. ஸ்பிரிங் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ உட்காருகிறது. படத்துடன் நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி, உள்முனை போல்ட்டிலிருந்து பால் ஜாயிண்ட் மையம் வரை 13 அங்குலம், ஸ்பிரிங்கின் மையம் வரை 7 அங்குலம். ஏழைப் பதின்மூன்றால் வகுத்தால் 0.54 வருகிறது. சக்கரம் ஓர் அங்குலம் எழும்பினால் ஸ்பிரிங் ஏறத்தாழ அரை அங்குலம் மட்டுமே அமுங்கும் என்பதும், சக்கரத்தில் விழும் எடை ஸ்பிரிங்குக்குப் போகும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதும் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. கடப்பாரையால் கல்லை நெம்பும்போது நாம் செய்வதைத்தான் இந்த ஆர்மும் செய்கிறது.

பால் ஜாயிண்ட் மாட்டும் நிலைக்கு வர வேண்டுமானால் 13 1/2 அங்குல ஸ்பிரிங் 11 1/2 அங்குலத்துக்கு, அதாவது 2 அங்குலம் அமுங்க வேண்டும். அங்குலத்துக்கு 375 வீதம் அதற்கு 750 பவுண்டு விசை தேவை. பால் ஜாயிண்ட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்தால் அதில் 0.54 பங்கு போதும். அதுவே 405 பவுண்டு. எஞ்சினும் பாடியும் இல்லாத வெற்றுச் சேஸிஸின் முன்பாதி, ஒரு பக்கத்துக்கு 100 பவுண்டு தேறுவதே அரிது. ஜாக்கியைத் தூக்கத் தூக்க ஸ்பிரிங் அரை அங்குலம் அமுங்கும். அதற்குள் அந்த 100 பவுண்டும் தீர்ந்துவிடும். அதற்குமேல் சேஸிஸ் எழும்பாமல் வேறென்ன செய்யும்? உங்கள் கராஜில் நடந்தது அப்படியே இதுதான். ஸ்பிரிங்கில் குறை எதுவும் இல்லை. அது சுமக்க வேண்டிய கார்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இனி, கார் வந்து சேர்ந்த பிறகு அதே ஸ்பிரிங் எப்படி நிற்கும் என்று பார்ப்போம். மொத்தம் 3,000 பவுண்டில் முன்பக்கம் 53 விழுக்காடு என்று வைத்தால் 1,590 பவுண்டு. சக்கரம், பிரேக், சக்கரம் பூட்டும் ஸ்பிண்டில் போன்றவை தரையில் நிற்பவை, ஸ்பிரிங்கின்மேல் ஏறாதவை. இரு பக்கமும் சேர்த்து அவற்றுக்கு 150 கழித்தால் 1,440, ஒரு பக்கத்துக்கு 720. இதை 0.54ஆல் வகுத்தால் ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் சுமை 1,333 பவுண்டு. அதை 375ஆல் வகுத்தால் ஸ்பிரிங் ஏறத்தாழ 3 1/2 அங்குலம் அமுங்கும், அதன் நீளம் 10 அங்குலமாக நிற்கும். முழுவதும் தொங்கும் நிலையில் 11 1/2, கார் நிற்கும் நிலையில் 10. இடையிலுள்ள 1 1/2 அங்குலம் சக்கரத்தில் 2 3/4 அங்குலமாகும். பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்கு அந்த அளவு இடம் இருப்பது தெருவில் ஓடும் காருக்குப் பொருத்தமானதே.

ஆக, கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் எடுக்க வேண்டிய அளவு ஒன்றே ஒன்றுதான். ஸ்பிரிங் இல்லாமலேயே லோயர் ஆர்மைத் தரைக்கு இணையாக நிறுத்துங்கள்; அதாவது உள்முனை போல்ட்டின் மையமும் பால் ஜாயிண்ட் சுழலும் மையமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இவ்வகை சஸ்பென்ஷன் அந்த நிலையில் நிற்கத்தான் வடிவமைக்கப்பட்டது. அப்போது ஸ்பிரிங்கின் இரு முனைகளும் உட்காரும் மேல் கிண்ணத்துக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். அது 10 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஸ்பிரிங்கைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். 9 அங்குலம் வந்தால், முடிந்த கார் முன்பக்கம் கிட்டத்தட்ட 2 அங்குலம் தூக்கி நிற்கும். அப்போது ஸ்பிரிங்கை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

‘ஸ்பிரிங் இல்லாமல் ஆர்ம் எப்படி அந்த நிலையில் நிற்கும்?’ என்று கேட்பீர்கள். உங்கள் மாமனாரின் மரைக் கம்பிக்கு முதல் வேலை அங்கேதான். இந்த அமைப்பில் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் நடுவழியே போகிறது. அதன் மேல்முனை, ஸ்பிரிங்கின் தலை உட்காரும் கோபுரத்தின் உச்சித் துளையிலும், கீழ்முனை லோயர் ஆர்மிலும் பூட்டப்படுகின்றன. ஷாக் இருக்க வேண்டிய இடத்தில் 5/8 அங்குல மரைக் கம்பி ஒன்றை நிறுத்துங்கள். கீழ்முனையில் கால் அங்குலத் தகடு ஒன்றை வெல்டிங் செய்து, ஷாக்கின் கீழ் போல்ட்டுக்கு ஏற்பத் துளையிட்டுக்கொள்ளலாம். மேல்முனையில் கோபுரத் தகட்டுக்கு மேலே ஒரு நட்டும் கீழே ஒரு நட்டும், இரண்டுக்கும் தடித்த வாஷரும் வேண்டும். நட்டுகளைத் திருகத் திருக ஆர்ம் ஏறும், இறங்கும். வேண்டிய உயரத்தில் இரண்டையும் இறுக்கினால் அசையாமல் நிற்கும். நாற்பது ஆண்டு லேத் பிடித்தவருக்கு இது அரை மணி நேர வேலை. இரண்டு பக்கமும் இதைப் பூட்டிச் சக்கரத்தையும் மாட்டிவிட்டால், ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லாமல் உங்கள் கார் தன் இறுதி உயரத்தில் நிற்கும். கராஜுக்குள் உருட்டித் தள்ளலாம், எஞ்சினை இறக்கலாம், ஃபெண்டரைப் பூட்டி ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கலாம். சாலையில் மட்டும் ஓட்டக் கூடாது. அந்த உச்சித் துளை ஷாக்கின் விசைக்காகச் செய்யப்பட்டது, முழுக் காரின் குலுக்கலுக்காக அன்று.

சேஸிஸ் இந்த நிலையில் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டிய இன்னொன்று உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் ராக்கின் உள் மூட்டு, மேல் ஆர்மின் உள்முனையையும் கீழ் ஆர்மின் உள்முனையையும் இணைக்கும் கோட்டின்மேல் விழ வேண்டும். விலகியிருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே கார் ஒரு பக்கம் திரும்பும். ஸ்பிரிங் ஏறிய பிறகு இதைச் சோதிப்பது கடினம். இப்போதோ நட்டைத் திருகி ஆர்மை மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் நகர்த்திப் பார்ப்பது எளிது. ஸ்பிரிங்கை அவசரப்பட்டு ஏற்றிவிடுகிறவர்கள் இழப்பது இந்த வசதியைத்தான்.

இப்போது கேஸ் கட்டர். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அது வேண்டாம். ஸ்பிரிங் கம்பி சாதாரண இரும்பன்று. கடினப்படுத்தி, பின் அளவான சூட்டில் பதமேற்றிய உருக்கு. கேஸ் சுடர் பட்ட இடம் சிவக்கும்போது அந்தப் பதம் அங்கே போய்விடுகிறது. சிவந்த பகுதி ஒரு தன்மையாகவும், சூடு படாத பகுதி ஒரு தன்மையாகவும் ஆகி, இரண்டும் சேரும் எல்லையில் ஒரு நாள் விரிசல் விடும். வெட்டாமல், சுற்றுகளைச் சூடாக்கி உட்கார வைக்கும் வழக்கம் ஒன்றும் உண்டு. அது இதைவிடக் கேடு, ஏனென்றால் அங்கே சுமையைத் தாங்கும் சுற்றே பதம் இழக்கிறது.

வெட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. முனை தட்டையாக அரைக்கப்படாமல் திறந்த சுற்றாக இருக்கும் ஸ்பிரிங்கை, அந்த முனையில் மட்டும், கிரைண்டரின் கட்டிங் வீலால், இடையிடையே ஆறவிட்டு வெட்டலாம். வெட்டும் இடம் கையால் தொட முடியாத அளவுக்குச் சுடக் கூடாது. ஆனால் எவ்வளவு வெட்டினால் எவ்வளவு இறங்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுற்று குறைந்தால் நீளம் மட்டும் குறைவதில்லை, விறைப்பும் கூடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் ஏழு என்றும், சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 அங்குலம் என்றும் கொள்வோம். அரைச் சுற்றை வெட்டினால் நீளத்தில் 0.8 அங்குலம் போகும். விறைப்பு 375இலிருந்து 404 ஆகும். அதே 1,333 பவுண்டுக்கு முன்பு 3.55 அங்குலம் அமுங்கியது இப்போது 3.3தான் அமுங்கும். கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நிற்கும் நீளம் 0.55 அங்குலம் குறைகிறது. சக்கரத்தில் அது ஓர் அங்குலம். அரைச் சுற்றுக்கே ஓர் அங்குலம் என்றால், நண்பர் சொன்ன முழுச் சுற்றை வெட்டி, பின் எஞ்சினையும் பாடியையும் ஏற்றியிருந்தால் உங்கள் கார் எப்படி நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரப்பர் தடையை நெருங்கி நின்றிருக்கும். வெட்டியதை ஒட்டவும் முடியாது.

கார் இன்னும் தாழ்வாக நிற்க வேண்டும் என்பதுதான் ஆசையானால், அதற்கு ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். இந்த சஸ்பென்ஷனுக்கு 2 அங்குலம் தாழ்த்தும் ஸ்பிண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் சக்கரம் சுழலும் அச்சு 2 அங்குலம் மேலே வைக்கப்பட்டிருப்பதால், ஆர்ம்கள் தம் இயல்பான நிலையிலேயே இருக்க, கார் மட்டும் இறங்கும்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். உங்கள் கார் வெளிவந்த 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் ஹென்றி ஃபோர்டு காலமானார். நீங்கள் கழற்றிப்போட்ட அந்த ஒற்றைக் குறுக்குப் பட்டை, 1908ஆம் ஆண்டின் மாடல் டி காரிலிருந்து அவர் விடாமல் பிடித்துவைத்திருந்த ஏற்பாடு. ஜெனரல் மோட்டார்ஸ் 1934லேயே தன் கார்களுக்கு முன்பக்கம் சுருள்வில் வைக்கத் தொடங்கிவிட்டது; ஃபோர்டு கார் அதற்கு மாறியது 1949 மாடலில்தான். நீங்கள் வெல்டிங் செய்திருக்கும் அமைப்போ, 1971 மாடலாக வந்த பிண்டோ என்ற சிறு காரிலிருந்து 1974 மாடல் மஸ்டாங் டூவுக்கு வந்தது. அந்தக் காரை மஸ்டாங் என்று சொல்லவே பலருக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் சிறியது, குறுகலானது, ராக் ஸ்டீயரிங்குடன் வருவது என்பதால் பழைய கார்களைக் கட்டுகிறவர்கள் அதைக் கொத்திக்கொண்டார்கள். சிறு காருக்காகப் பிறந்த பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். 302 எஞ்சினுக்கு அது தாராளமாகத் தாங்கும்; நாளை எஞ்சினை மாற்றி இன்னும் கனமான ஒன்றை ஏற்றும் எண்ணம் வந்தால் ஸ்பிரிங் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

கார் முழுமையடைந்த பிறகு, கண்ணாடி, இருக்கை, பேட்டரி, ரேடியேட்டர் தண்ணீர், பாதி டாங்க் பெட்ரோல் எல்லாம் ஏறிய பிறகு, அந்த மரைக் கம்பிகளுடனேயே காரை டிரெய்லரில் ஏற்றி எடைபோடும் இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள ‘கேட் ஸ்கேல்’ (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடைகள் ஆக்சில் வாரியாகவே எடையைத் தருகின்றன. டிரெய்லரிலிருந்து இறக்கி முன் சக்கரத்தை ஒரு மேடையிலும் பின் சக்கரத்தை அடுத்ததிலும் நிறுத்தினால் போதும். 3,000 பவுண்டு என்பது உங்கள் ஊகம். மேடை சொல்வது உண்மை. என் அனுபவத்தில் சொந்தக் காரின் எடையைக் குறைத்துச் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. முன்பக்க எடை கையில் வந்ததும், மேலே போட்ட கணக்கில் 1,590க்குப் பதிலாக அந்த எண்ணை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமானால் அப்போது மாற்றுங்கள். பெட்டி பிரிக்காத ஸ்பிரிங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு, வெட்டியதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிப் பொருத்தும் முறை. எடை முழுவதும் ஏறிவிட்டதால் நீங்கள் பட்ட பாடு இப்போது இருக்காது. கிராஸ் மெம்பருக்குப் பின்னால் சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கும் அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, முதலில் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தாங்கக் கொடுத்த பிறகே மரைக் கம்பியை எடுங்கள். ஸ்பிண்டில் மேல் ஆர்மிலேயே தொங்கட்டும். பிரேக் குழாயில் அதன் எடை விழாதபடி ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். கீழ் பால் ஜாயிண்ட்டைப் பிரித்து, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஆர்ம் கீழே விழுந்து ஸ்பிரிங் நுழைய இடம் கிடைக்கும்.

ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆர்மில் இருக்கும் கிண்ணத்தை விரலால் தடவினால், ஓரிடத்தில் சிறு படிபோல ஒரு மேடு தட்டுப்படும். கம்பியின் வெட்டுமுனை அந்தப் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் சாய்ந்து நிற்கும், அந்தப் பக்கம் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ உயர்ந்து தெரியும். ஒரு பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் காரைக் கொண்டுவந்து ‘ஸ்பிரிங் ஜோடி தவறு’ என்று சொல்கிறவர்களில் பலருக்கு நான் செய்தது, முனையை அரை விரல் திருப்பி உட்கார வைத்தது மட்டுமே.

ஸ்பிரிங்கை உட்கார வைத்ததும், ஜாக்கியைத் தொடுவதற்கு முன், அதன் சுற்றுகளின் ஊடாக ஒரு தடித்த சங்கிலியை விட்டுச் சேஸிஸைச் சுற்றி வளைத்து, கண்ணிகளில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஸ்பிரிங் அசைய வேண்டிய அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். பறக்க இடம் இருக்கக் கூடாது. இந்தச் சங்கிலியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இளவயதில் சென்னையில் நான் வேலை பழகிய பட்டறையில், பிரீமியர் பத்மினி ஒன்றின் முன் ஸ்பிரிங்கை வளைத்த இரும்புக் கொக்கிகள் இரண்டை வைத்து அமுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கொக்கி நழுவியது. சத்தம் கேட்டு நான் திரும்பியபோது ஸ்பிரிங் அங்கே இல்லை. கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டில் தலை அளவுக்கு ஓட்டை இருந்தது, அதன் வழியே வெயில் ஆர்மின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு கணம் முன்புதான் மூத்த மெக்கானிக் பீடி பற்றவைக்க எழுந்து போயிருந்தார். உங்கள் ஸ்பிரிங்கை 3 1/2 அங்குலம் அமுக்கும்போது அதற்குள் அடைபடும் ஆற்றல், 50 கிலோ சிமெண்ட் மூட்டை அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். மூட்டை எந்தப் பக்கம் விழும் என்று நமக்குத் தெரியும், ஸ்பிரிங் அப்படியன்று. ஆகவே முகமும் மார்பும் ஒருபோதும் ஸ்பிரிங்குக்கு நேரே இருக்க வேண்டாம்.

ஜாக்கியைக் காரின் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி நுழையுங்கள், முன்னாலிருந்து அன்று. ஆர்ம் நேராக மேலே போவதில்லை, உள்முனையை மையமாக வைத்து வில்போல வளைந்து ஏறுகிறது. அதற்கேற்ப ஜாக்கியும் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் அதன் உருளைகள் தாமாக உருளும். முன்னாலிருந்து வைத்தால் உருளை குறுக்கே நிற்கும், ஜாக்கி நகர முடியாமல் அதன் தலை ஆர்மிலிருந்து வழுக்கும். தரையில் கிடக்கும் சிறு நட்டு ஒன்றுகூட உருளையைத் தடுத்துவிடும் என்பதால், முதலில் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிடுங்கள். பால் ஜாயிண்ட்டின் தண்டு ஸ்பிண்டிலின் துளைக்குள் நுழைந்ததும் நட்டைப் பூட்டி, கிட்டுடன் வந்த தாளில் சொல்லியுள்ள இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஸ்ப்ளிட் பின் போடுங்கள். பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை மேலும் இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒருபோதும் தளர்த்திக் கொண்டுவரக் கூடாது.

எடை ஏறிய பிறகும் ஏதோ காரணத்தால் ஆர்ம் எட்டவில்லை என்றால், அப்போது மரைக் கம்பியால் ஸ்பிரிங்கை இறுக்கும் மாமனாரின் யோசனைக்கு வரலாம். 5/8 அங்குல மரைக் கம்பியின் பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் ஸ்பிரிங்கின் 1,300 பவுண்டைப் போலப் பல மடங்கைச் சாதாரண இரும்புக் கம்பியே தாங்கும். மரை தின்றுபோவதும், கீழே கொடுக்கும் தகடு சாய்ந்து வழுக்குவதும்தான் ஆபத்து. அதனால் கம்பிக்கு நிறைய கிரீஸ் தடவி, நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பேரிங் வாஷர் கொடுத்து, கீழ்த் தகட்டில் ஆர்மின் கிண்ணத்துக்குள் பொருந்தும்படி ஒரு வளையத்தை லேத்தில் கடைந்து வெல்டிங் செய்தால் அது நகராது. கை ஸ்பேனரால் மட்டும் திருகுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம், அது மரையைச் சூடாக்கிப் பிடித்துக்கொள்ளச் செய்யும். உதிரிபாகக் கடைகளில் இரவல் தரும் அமுக்கிகளில், ஸ்பிரிங்கின் உள்ளே போகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளிப்பக்கம் இரு கொக்கிகள் மாட்டும் வகை, ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக வரும் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்குக்காகச் செய்தது; உங்கள் கோபுரத்துக்குள் அதற்கு இடமும் இல்லை, அதைப் பார்த்தால் எனக்கு அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை நினைவுக்கு வருகிறது.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஏறியபின், ஆர்ம்களின் உள்முனை போல்ட்டுகளை உடனே முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். உங்கள் கிட்டில் அந்த முனைகளுக்கு ரப்பர் உறை (புஷ்) இருந்தால் அதன் உள்குழாய் போல்ட்டுடன் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும். கார் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். காரை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ் என்றால் இந்தக் கவலை இல்லை; கிரீஸ் மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். மிச்சிகனில் கார்களை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தரும் முறை கிடையாது. ஆகவே கிராஸ் மெம்பரில் நீங்கள் போட்ட வெல்டிங்கை, உங்களைத் தவிர வேறு எவரும் பார்க்காமலேயே கார் சாலைக்கு வந்துவிடலாம். ஸ்பிரிங்கின் முழுச் சுமையும் அந்த வெல்டிங்கின் வழியேதான் சேஸிஸுக்குப் போகிறது. எஞ்சின் ஏறி அந்த இடத்தை மறைப்பதற்கு முன், சான்று பெற்ற வெல்டர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் இரண்டு இடத்தில் அரைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னால் வருத்தப்படாமல் போடுங்கள்.

வீல் அலைன்மெண்ட் முடித்து முதல் 200 மைல் ஓடும்வரை உயரத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். புஷ்ஷும் ஸ்பிரிங்கும் கிண்ணத்தில் நன்றாக அமர்வதற்கு அவ்வளவு ஓட்டம் வேண்டும். அதன்பின் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, லோயர் ஆர்ம் தரைக்கு இணையாக நிற்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். அரைச் சுற்று வெட்டலாமா, வேறு ஸ்பிரிங் வாங்கலாமா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன். மாமனார் ஊர் திரும்புவதற்குள் அந்த இரண்டு மரைக் கம்பிகளையும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.